செருப்பைக் கழற்றச் சொன்னவனுக்கு

நான் உள்ளே போக முடியாத ஒரு கோயிலை நீ மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாய். ஊர்க்காரர்கள் அதற்குத் தகரக் கூரை போட்டார்கள், வேலி போட்டார்கள், சிலை வாங்கி வந்து வைத்தார்கள். ஆனால் அது கோயில் ஆனது நீ வைத்த ஒரு விதியால், நீ சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால். இதைக் கத்திச் சொல்லவில்லை. கத்துகிற கட்டமெல்லாம் முடிந்துவிட்டது. போனில் ஆரம்பித்தால் "அப்புறம் பேசலாம்மா" என்கிறாய். கூடுவாஞ்சேரி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாய், பெட்டி கட்டுகிறாய், மேல்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாய். போவதற்கு முன் நீ இதைப் படிக்க வேண்டும். உன்னோடு குழிக்குள் இறங்கிய பெண்களும் படிக்க வேண்டும், வேலிக்கு உள்ளே நிற்பவர்களும் படிக்க வேண்டும். அதனால்தான் உறையில் போட்டு ஒட்டாமல் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

அந்த மேட்டை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்தவன். செய்யூரிலிருந்து கடலுக்குப் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்கு நடுவே, நம் காலனிக்கும் ஊருக்கும் பொதுவாக இருந்த ஒரே இடம் அதுதான். யாருக்கும் வேண்டாத இடம் என்பதால் பொதுவாக இருந்தது. காலை வைத்தால் பானை ஓடு குத்தும், சட்டிமேடு என்போம். நான் அடுப்பெரிக்கச் சவுக்கு மிலாறு பொறுக்கும்போது நீ என் பின்னால் மணி பொறுக்கிக்கொண்டு வருவாய். மழை பெய்து மண் கரைந்தால் கண்ணாடி மணிகள் மேலே வரும். ஒருமுறை நீல மணி ஒன்றைக் கொண்டுவந்து சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "கண்ட குப்பையையும் வூட்டுக்குள்ள கொண்டாராத" என்று வாசலில் வீசினேன். பல வருடம் கழித்து, தொல்லியல் படித்து, ஓர் அகழாய்வுக் குழுவில் உதவியாளனாக அதே மேட்டுக்கு நீ வந்தபோது முதலில் சொன்னது அதைத்தான். "அம்மா, நீ வீசின மணி ரெண்டாயிரம் வருஷத்துது." "அப்ப இன்னும் கெட்டுப்போயிருக்காது, தேடி எடுத்துக்கோ" என்றேன். உன் குழுவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்று உன் முகத்தைப் பார்த்து எனக்கு இருந்த பெருமையை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் நான் சொல்ல வந்தது இளகிப்போகும்.

கோடை விடுமுறை என்பதால் பள்ளிச் சத்துணவுக் கூடம் மூடியிருந்தது. அங்கே சமையல் வேலை பார்க்கும் நானும் வசந்தா அக்காவும் நம் தெருப் பெண்கள் சிலரும் கூலிக்குத் தோண்ட வந்தோம். முதல் நாள் காலையில் குழிக்குள் கால் வைக்கப் போனேன். நீ மேலே நின்றுகொண்டு, "அம்மா, செருப்பக் கழட்டிட்டு இறங்கு" என்றாய். நான் நின்றுவிட்டேன். வசந்தா அக்காவும் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள். "இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். என் குரல் மாறியது உனக்கே தெரிந்திருக்கும்.

ஏன் மாறியது என்று இப்போது சொல்கிறேன். உன் தாத்தா, என் அப்பா, ஊர்த் தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்வார். யாரும் அவரைக் கழற்று என்று வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் வைத்திருந்தார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நடுத்தெருவில் நின்று, "போட்டுக்கோப்பா, காலு சுடுது இல்ல" என்று அடம்பிடித்தேன். அவர் என்னை அடித்தது அன்று ஒருநாள்தான். பன்னிரண்டாவது படிக்கும்போது நான் செருப்போடு அந்தத் தெருவில் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள். அதிலிருந்து யார் சொன்னாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஏன் என்று கேட்பது எனக்குப் பழக்கம். பெற்ற பிள்ளை சொன்னாலும் கேட்பேன்.

நீ எரிச்சல்படாமல் பதில் சொன்னாய். "இந்தத் தரை இன்னா வயசுன்னு நெனைக்கிற? செருப்பு பட்டா ஓரம் ஒடைஞ்சு வுழும். மேல் மண்ணு கீழ் மண்ணோட கலந்துரும். அப்புறம் எது எந்தக் காலம்னு எவனாலயும் சொல்ல முடியாது. நானும் கழட்டிட்டுதான் கீறேன், பாரு." பார்த்தேன். உன் பாதம் புழுதியில் வெளுத்திருந்தது. உன் குழுத் தலைவரும் வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தார். காரணத்தோடு சொன்ன விதி, எல்லாருக்கும் ஒரே மாதிரியான விதி. அப்படி ஒன்றை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கழற்றினேன். குழியின் ஓரத்தில் உன் செருப்பு, அவர் செருப்பு, என் செருப்பு, வசந்தா அக்காவின் அறுந்து தைத்த செருப்பு எல்லாம் ஒரே வரிசையில் கிடந்தன.

அந்தக் கோடை நல்ல கோடை. கூடை கூடையாக மண்ணை எடுத்துச் சல்லடையில் போட்டு ஆட்டினோம். முதலில் ஒரு செங்கல் சுவர் தலை காட்டியது. ஒவ்வொரு செங்கல்லும் இப்போதைய செங்கல் இரண்டைச் சேர்த்து வைத்த நீளம். பிறகு கூரை ஓடுகள், சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறு, அம்மிக்கல். ஒரு பெரிய பண்ணை வீடு என்று சொன்னாய். நிலமும் கப்பல் வியாபாரமும் வைத்திருந்த பெரிய ஆள் யாரோ இருந்திருக்க வேண்டும் என்றாய். அடி கூம்பாக இருந்த ஒரு சாடியின் துண்டு கிடைத்த அன்று நீ குதித்த குதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரோமாபுரியிலிருந்து கப்பலில் மது வந்த சாடி என்றாய். வசந்தா அக்கா அதை வாங்கி மோந்து பார்த்தாள். "எங்க வூட்டு ஆளு குடிச்சா தெருவே சிரிக்குது. இவன் குடிச்சுட்டுப் போட்டா மட்டும் சரித்திரமா?" உன் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு அவள் சும்மா இருக்காமல் இன்னொன்று கேட்டாள். "ஏன் தம்பி, இம்மாம் பெரிய வூட்ட அந்தாளேவா பெருக்கினான்? அவன் வூட்டு நெல்ல யாரு குத்தனது?"

நீ அதற்குச் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தலைவரிடம் கெஞ்சி, வடக்குப் பக்கம் மதில் சுவருக்கு வெளியே சின்னதாக ஒரு குழி போட்டாய். அங்கே செங்கல் இல்லை. ஓடும் இல்லை. கம்பு நட்ட பள்ளங்கள் வட்டமாக இருந்தன. நடுவில் கரி படிந்த அடுப்பு, பக்கத்தில் சிப்பி ஓடுகளும் மீன் முள்ளும் கொட்டிய குப்பை. "அப்பவே சுவத்துக்கு வெளிய காலனி இருந்துதா?" என்று வசந்தா அக்கா கேட்டாள். நாங்கள் சிரித்தோம். நீ நிதானமாகச் சொன்னாய்: "அப்டி சொல்ல முடியாதுக்கா. வேல செஞ்சவங்க தங்கின எடம்னு சொல்லலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது." அந்த அடுப்புச் சாம்பலை நான் பிரஷ்ஷால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த அளவுக்குச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனை நான்தான் பெற்றேன் என்று நினைத்துக்கொண்டேன். மழை வரும் போலிருந்ததால் அந்தக் குழியைத்தான் முதலில் மூடினீர்கள்.

இனி அந்தச் சதுர அறை. பண்ணை வீட்டின் கிழக்கே, தனியாக, நான்கு பக்கமும் தடித்த சுவரோடு ஓர் அறையின் அடிப்பாகம் வந்தது. கிழக்கே பார்த்த வாசல். நடுவில் செங்கல் மேடை. உன் குழுவில் ஒருவர் கோயில் என்றார், ஒருவர் நெல் வைக்கிற களஞ்சியம் என்றார். வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது நீ என்னிடம் சொன்னாய்: "தரையில சாடி வெச்ச பள்ளம் வரிசையா கீதும்மா. மூலையில கருகின நெல்லு அள்ளி எடுத்தோம். எனக்குக் களஞ்சியம்னுதான் தோணுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்." அது நம் வீட்டில் சொன்னது. குழிக்கு வெளியே நீ சொன்னது வேறு. சரியாகச் சொன்னால், நீ ஒன்றுமே சொல்லவில்லை.

ஊரில் லாரி வைத்து மண் அடிக்கிறவரை உனக்குத் தெரியும். எல்லாரும் அண்ணாத்த என்று கூப்பிடுகிறவர். அவர் ஒரு சாயங்காலம் நாலு பேரோடு வேடிக்கை பார்க்க வந்தார். சதுர அறையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். அத்தனை பேரும், பேன்ட் போட்ட தலைவர் உட்பட, வெறுங்காலோடு குனிந்து பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "இன்னா தம்பி, எல்லாரும் செருப்ப கழட்டிட்டு எறங்கியிருக்கீங்க? சாமி எடமா?" என்று கேட்டார். நான் மண் கூடையோடு உன் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சொன்ன காரணத்தை அவருக்கும் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு அளவு நாடாவை மடக்கினாய். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நாங்கள் வந்தபோது மேடையின் மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு இருந்தது. நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம்.

அன்றைக்கே கேட்டேன். "ஏன்டா நைனா, இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" நீ சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன். "சாமின்னு நெனைச்சா நல்லதுதாம்மா. இல்லாங்காட்டி நாங்க போன அடுத்த நாளு செங்கல்ல பேத்துக்கினு போயிடுவானுங்க. மண்ணு அடிக்கிற ஆளு மேட்டையே லாரில ஏத்திடுவான். சாமி காவல் காத்துக்கினு இருக்கட்டும்." கெட்டிக்காரப் பதில். அதில் உண்மையும் இருந்தது. அதனால் நானும் பேசாமல் படுத்துவிட்டேன். ஆனால் யாருடைய சாமி, அது யாரைக் காவல் காக்கும், யாரை வெளியே நிறுத்தும் என்று நீ யோசித்திருக்க வேண்டும். இந்தத் தாலுகாவில் பிறந்தவன் நீ. பட்டணத்திலிருந்து வந்த உன் தலைவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும்.

வேலை முடிந்து நீங்கள் போகும்போது எல்லாக் குழியையும் மணல் போட்டு மூடினீர்கள். சதுர அறையை மட்டும் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று திறந்தே விட்டீர்கள். அப்புறம் நடந்ததை நீ போனில் படமாகத்தான் பார்த்தாய், நான் நேரில் பார்த்தேன். தகரக் கூரை வந்தது. வேலி வந்தது. மாமல்லபுரம் சிற்பக்கூடம் ஒன்றிலிருந்து மினி லாரியில் சிலை வந்தது. உளி பட்ட இடமெல்லாம் இன்னும் வெள்ளையாக இருந்த புதுச்சிலை. அதை உங்கள் ரெண்டாயிரம் வருஷத்து மேடையில் சிமென்ட் போட்டு நிற்க வைத்தார்கள். கருகின நெல் கிடந்த மூலையில் உண்டியல்.

திறப்பு விழா அன்று நாங்கள் போனோம். எனக்குக் கும்பிடுகிற பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். வசந்தா அக்கா தேங்காய் பழத்தட்டு எடுத்துக்கொண்டாள். நம்ம கையால எடுத்த சாமி, முதல் தேங்காய் நம்மதுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வேலி வாசலில் என் கால் தானாக நின்றது. பழைய பழக்கத்தில், அந்தக் கோடை முழுக்கக் கழற்றிய அதே இடத்தில், செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் அண்ணாத்த வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"இங்கயே நில்லுங்கம்மா. தட்டக் குடுங்க, உள்ள குடுத்து ஒடைச்சிகினு வந்து தரச் சொல்றேன்."

"ஏன், நாங்க வந்தா இன்னா ஆவும்?" என்றாள் வசந்தா அக்கா.

"ஒண்ணும் ஆவாது. பிரச்சன வாணாம்னு சொல்றேன்."

"அண்ணாத்த, உள்ள கீற தரைய நான் பிரஷ்ஷு போட்டு தொடைச்சேன். எங்க எந்தக் கல்லு கீதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

"தோண்டுனது வேற, கும்புடுறது வேற." அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உன் புள்ளைக்கே தெரியும். அதுதான் படிச்ச புள்ள, எதுவும் பேசல."

வசந்தா அக்கா தட்டைக் கொடுக்கவில்லை. "அப்ப சாமியையும் மூடி வெச்சிடு. மறுபடி தோண்டறப்ப கூப்புடு, வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் கழற்றிய செருப்பை அவர் முன்னால் குனிந்து மறுபடி மாட்டிக்கொண்டேன். வார் சிக்கிக்கொண்டது. அது சரியாகிற வரைக்கும் அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்தார்களே, அதே பார்வை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். புதுப்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோவை அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "வுடு. பையன் நல்லபடியா பிளேன் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. உன் பெயர் ஒரு தகராறில் வந்தால் படிப்புக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயம். உனக்கும் அதே பயம்தான். போனில் நீ சொன்னாய்: "ரிப்போர்ட் வரட்டும்மா, அதுல எல்லாம் எழுதுவோம்." ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டேன். வருஷம் ஆகும் என்றாய். இங்கிலீஷில் வரும் என்றாய். சரி. அண்ணாத்த அதை வாங்கிப் படித்துவிட்டு வேலியைப் பிரிக்கட்டும், நாங்கள் அதுவரை வாசலில் நிற்கிறோம்.

சின்ன வயதிலிருந்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது சண்டைக்குப் போகாதே, படி, வெளியே போய்விடு என்பதுதான். நம் தெருவில் எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்கிறோம். நீ சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, வெளியே போகிறாய். போ. நான் தடுக்கவில்லை, அழுது கூப்பிடவும் இல்லை. அங்கே குளிரும் என்கிறார்கள், நல்ல ஷூ வாங்கிக்கொள். ஆனால் போகிற இடத்திலும் நீ தரையைத்தான் தோண்டப் போகிறாய். அங்கேயும் ஒரு பெரிய வீடு இருக்கும், அதன் சுவருக்கு வெளியே ஓர் அடுப்பு இருக்கும். அங்கேயும் யாராவது மேலே நின்று இது இன்ன இடமா என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு நாடாவை மடக்கினால் அந்த இடத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். வாயைத் திறந்து தெரியாது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அது கோயிலாகவே இருந்தாலும் நான் கேட்பது மாறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயில் என்றால் நாங்கள் உள்ளே போக வேண்டும். களஞ்சியம் என்றால் அது களஞ்சியம் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். எதுவென்று தெரியாது என்றால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியவன் நீ.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. கோயிலுக்கு வருகிறவர்கள் வேலிக்கு வெளியே வடக்குப் பக்கம்தான் வண்டியை நிறுத்துகிறார்கள், செருப்பையும் அங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். நீ போட்ட வடக்குக் குழி இருந்த இடம். நான் பிரஷ்ஷால் சாம்பல் ஒதுக்கிய அந்த அடுப்புக்கு நேர் மேலே ஊர் முழுக்க விட்ட செருப்பு குவிந்து கிடக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் செய்யூர் பஸ்ஸில் வா. நானும் வசந்தா அக்காவும் நிறுத்தத்தில் இருப்போம். மூன்று பேரும் மேட்டுக்குப் போவோம். நீ அந்த வடக்குப் பக்கத்தில் நின்று, கீழே இருக்கிற அடுப்பைப் பற்றியும், உள்ளே இருக்கிற அறையைப் பற்றி உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும், அங்கே இருக்கிறவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். போன வாரம் இதைப் போனில் கேட்டபோது "டவர் இல்லம்மா, கேக்கல" என்றாய். கூடுவாஞ்சேரியில் டவர் இல்லையாம். இப்போது எழுதியே கேட்கிறேன். அண்ணாத்த வாசலுக்கு வருவார். அந்த அடுப்பின் மேல் கால் வைக்கப் போவார். அப்போது, முதல் நாள் என்னிடம் சொன்னாயே, அதே குரலில், அதே காரணத்தோடு, அவரிடமும் சொல்: "செருப்பக் கழட்டிட்டு வாங்க." சொல்வாயா?